குட்செட்டைத் திருத்தி ஊருக்கு எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியில், ஏ9 வீதியை ஒட்டிய ஒரு சிறிய ரயில் நிலையத்தின் பக்கத்தில் பாழடைந்து கிடந்த சாமான் கொட்டகை ஒன்றை எங்கள் ஊர்க்காரர் சேர்ந்து திருத்தினோம். அதன் பிறகு பக்கத்து ஊர்களிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் பலர் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் பொறியியலாளர் இல்லை. குழுவின் செயலாளராக இருந்து கடிதம் எழுதிக் கை ஓய்ந்தவன், அவ்வளவுதான்.

குட்செட் என்றால் என்ன?

ரயிலில் வரும் சாமான்களை இறக்கி வைக்கவும், போகும் சாமான்களைச் சேர்த்து வைக்கவும் கட்டிய கொட்டகை. வவுனியாவில் குட்செட் வீதி இருக்கிறது, கண்டியில் ஒரு பஸ் நிலையத்துக்கே குட்செட் என்று பெயர். அந்தப் பெயரை நாள்தோறும் சொல்லுகிற பலருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

அமைப்பு எளிமையானது. நீளமான ஒரே மண்டபம். ஒரு பக்கம் தண்டவாளம், மறுபக்கம் வண்டிலும் லொறியும் வந்து நிற்கும் முற்றம். நடுவே இடுப்பளவுக்கு உயர்ந்த மேடை. ரயில் பெட்டியின் தளமும் மேடையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருப்பதால் மூடையைத் தூக்க வேண்டியதில்லை, இழுத்தால் போதும். மழையில் சாமான் நனையாதபடி கூரைத் தாழ்வாரம் வெளியே நீண்டிருக்கும். ஜன்னல் குறைவு, கதவு அகலம். அழகுக்கென்று ஒன்றும் செய்யவில்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. திருத்தும்போது அந்தக் காரணங்களைத்தான் நாங்கள் முதலில் படிக்க வேண்டியிருந்தது.

வன்னியில் அப்படிப் பழைய கட்டடம் ஏதும் மிஞ்சியிருக்கிறதா?

முழுதாக நிற்பதைத் தேடினால் ஏமாறுவீர்கள். வடக்குப் பாதையில் காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையான துண்டு 1902இல் திறந்தது. 1905இல் வன்னிக் காட்டைக் கடந்து தெற்குடன் சேர்ந்தது. மதவாச்சியிலிருந்து மன்னார் வழியாகத் தலைமன்னாருக்குப் போகும் பாதை 1914இல் திறந்தது. 1990 யூனில் வவுனியாவுக்கு வடக்கே வண்டி நின்றுபோனது. அதன் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். தண்டவாளமும் அதைத் தாங்கும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குப் போயின. கூரைகள் பறந்தன. சுவர்களில் காடு ஏறியது.

போருக்குப் பிறகு இந்தியக் கடனுதவியுடன் இந்திய அரசின் கட்டுமான நிறுவனமான இர்கொன் பாதையைத் திரும்பப் போட்டது. கிளிநொச்சிக்கு 2013 செப்டெம்பரில் வண்டி வந்தது, பளைக்கு 2014 மார்ச்சில், யாழ்ப்பாணத்துக்கு அதே ஆண்டு ஒக்டோபரில். தலைமன்னார் பாதை 2015 மார்ச்சில் முழுமையாகத் திறந்தது. நிலையங்களும் புதிதாக எழுந்தன.

ஆகவே மிஞ்சியவை துண்டுதுண்டான பொருட்கள்தான்: ஒரு மேடை, மூன்று சுவர், தூணாக நட்ட பழைய தண்டவாளம் நாலைந்து. எங்களுடையதில் நாலு சுவரும் மேடையும் நின்றன. கூரைச் சட்டத்தில் பாதி இருந்தது. கதவு ஒன்றுகூட இல்லை. உள்ளே ஒரு பெரிய வேப்பமரமும் சில நாகங்களும் குடியிருந்தன.

இடித்துவிட்டுப் புதிய மண்டபம் கட்டியிருந்தால் மலிவாக முடிந்திருக்குமே?

முடிந்திருக்கலாம். இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் இல்லை, கேட்பதும் நியாயம். வீட்டுத்திட்டத்தில் அரைகுறையாக நிற்கும் வீடுகள் பக்கத்திலேயே இருக்கும்போது பாழ் கட்டடத்துக்குக் காசு செலவழிப்பதா என்று எங்கள் கூட்டத்திலேயே ஒரு அம்மா எழுந்து கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். அந்த மேடையை இன்று கருங்கல்லில் புதிதாகக் கட்டுவதென்றால் எங்கள் கையிருப்பு அத்தோடு தீர்ந்துவிடும். அது சும்மா கிடைக்கிறது. சுவர்கள் தடிப்பானவை, சித்திரை வெயிலிலும் உள்ளே இருக்கலாம். புதுமண்டபம் என்று கட்டுகிறவை தகரக்கூரையும் ஒற்றைக்கல் சுவருமாகப் பகலில் அடுப்பாகிவிடுகின்றன.

ஆனால் எல்லாக் கட்டடத்துக்கும் இந்தக் கணக்குச் சரிவராது. அத்திவாரம் இறங்கி, சுவர் நடுவே பிளந்து நின்றால் விட்டுவிடுங்கள். படம் எடுத்து, அளந்து, வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு வேலைதான்.

காணி யாருடையது? யாரிடம் அனுமதி கேட்பது?

பெரும்பாலும் புகையிரதத் திணைக்களத்துடையது. பிரதேச சபைத் தவிசாளர் "செய்யுங்கோ" என்று சொன்னதை வைத்துக்கொண்டு கைவைக்காதீர்கள். நாங்கள் அப்படித் தொடங்கி, மூன்றாம் நாளே நிறுத்த வேண்டி வந்தது. திணைக்களத்திடமிருந்து குத்தகையோ எழுத்தில் ஒரு பயன்பாட்டு அனுமதியோ வேண்டும். அதற்கு ஊர் அமைப்பு பிரதேச செயலகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். கட்டட வேலைக்குப் பிரதேச சபை அனுமதி தனியாக வேண்டும்.

எங்கள் கோப்பு ஒரு அலுவலகத்தில் இரண்டு தடவை காணாமல் போனது. மூன்றாம் தடவை, நாங்கள் கொடுத்த கடிதத்தின் பிரதியிலேயே திகதி முத்திரை போட்டுத் தரும்படி கேட்டு வாங்கினோம். அதன் பிறகு அது காணாமல் போகவில்லை.

தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டுமா?

1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றையே இயல்பாகத் தொன்மைச் சின்னமாகக் கொள்கிறது. அதற்குப் பிந்திய கட்டடமும் 100 வருடம் கடந்திருந்தால், வர்த்தமானியில் அறிவித்துப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்கலாம். 1905ஐ ஒட்டிய ரயில் கட்டடங்கள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. அப்படி வர்த்தமானியில் அறிவித்துவிட்டால் பிறகு ஒரு ஆணி அடிக்கவும் அனுமதி கேட்க வேண்டும்.

வன்னியில் தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டாலே "காணி போச்சு" என்று சனம் பயப்படுகிறது. அந்தப் பயம் வானத்திலிருந்து விழவில்லை. இருந்தாலும் ஒளித்துச் செய்யாதீர்கள். ரயில் கட்டடத்தின் வரலாறு ஒரே ஒரு இனத்துக்கு உரியதல்ல, அதனால் இதில் மறைக்கவும் ஒன்றுமில்லை. எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கண்ணிவெடி பற்றி என்ன செய்தீர்கள்?

ரயில் பாதையோரம் பல இடங்களில் முன்னரங்காக இருந்தது. பாதை துப்புரவாகிவிட்டது என்பதற்காக அதற்கு இருபது அடி தள்ளியுள்ள பற்றையும் துப்புரவு என்று எடுக்கக் கூடாது. மண்வெட்டி எடுப்பதற்கு முன் பிரதேச செயலகத்தில் விசாரித்து, அந்தக் காணி கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதா என்று எழுத்தில் பெறுங்கள். சந்தேகமான பொருள் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிப் போய் அறிவியுங்கள். இதில் சிரமதான உற்சாகம் வேண்டாம்.

முதலில் எந்த வேலையைத் தொடங்குவது?

தண்ணீரை நிறுத்துவது. ஐப்பசியில் மாரி தொடங்கினால் மார்கழி வரை விடாது. கூரை இல்லாத சுவர் ஒவ்வொரு மாரியிலும் ஒரு முழம் தேயும். நாங்கள் முதல் வருடம் வேறொன்றும் செய்யவில்லை. சுவர்த் தலைக்குத் தகரம் மூடினோம், சுற்றிவர வாய்க்கால் வெட்டினோம், அளந்து வரைந்தோம், அவ்வளவுதான். ஊரில் "இவங்கள் படம் மட்டும்தான் எடுக்கிறாங்கள்" என்று பேச்சு வந்தது. பரவாயில்லை.

பற்றை வெட்டும்போது இரண்டு கவனம். விழுந்த செங்கல்லை அள்ளி வீதிக்குப் போடாதீர்கள். அந்த அளவில், அந்தச் சூளையில் இனிக் கல் கிடைக்காது, உடைந்த இடத்துக்கு அதுதான் வேண்டும். அடுத்தது, சுவரில் முளைத்த ஆலையும் அரசையும் பிடுங்காதீர்கள். வேர் வரும்போது சுவரையும் கொண்டு வரும். அடியில் வெட்டி, வெட்டுவாயில் மருந்து பூசி, பட்டுப்போன பின் மெல்ல எடுக்க வேண்டும். அரசமரத்தை வெட்டுவது என்றால் ஊரில் ஒரு பேச்சு எழும். நாங்கள் கன்றைத் தோண்டி எடுக்கக்கூடியதைக் கோயில் காணியில் நட்டோம்.

சுவருக்கு ஏன் சீமெந்து பூசவில்லை? பூசினால் பலம்தானே?

பூசினோம். அதுதான் நாங்கள் செய்த பெரிய பிழை. ஒப்பந்தக்காரர் ஒருவர் தண்டவாளப் பக்கச் சுவரைக் கொத்தி, வலுவான சீமெந்துக் கலவை பூசி, வெள்ளை அடித்துத் தந்தார். கண்ணைப் பறித்தது. ஒரு மாரி முடிந்து பங்குனி வெயில் வந்ததும் பூச்சு தட்டுத் தட்டாகக் கழன்று விழுந்தது. விழுந்த பூச்சு பழைய செங்கல்லின் முகத்தையும் உரித்துக்கொண்டு வந்தது. அந்தச் சுவரின் அடிப்பக்கம் இன்றும் அம்மைத் தழும்பு போலத்தான் இருக்கிறது.

காரணத்தைப் பிறகு ஒரு வயதான மேசன் விளக்கினார். பழைய செங்கல் மெதுமையானது. சுண்ணாம்புச் சாந்தும் மெதுமையானது. நிலத்தின் ஈரம் சுவரில் ஏறும், சாந்து வழியே வெளியே போய்க் காயும். சீமெந்து அந்த வழியை அடைக்கிறது. ஈரம் உள்ளே தங்குகிறது. அதோடு இது குட்செட், உப்பும் உரமும் வருடக்கணக்காக அடுக்கிய இடம். ஆனையிறவு உப்பு மூடை ஒன்று எவ்வளவு கசியும் என்று யோசித்துப் பாருங்கள். சுவருக்குள் இருக்கும் உப்பு ஈரத்தில் கரைந்து, வெயிலில் காயும்போது திரும்பவும் மணியாக இறுகுகிறது. இறுகும்போது பருக்கிறது. கல்லின் முகம் வெடித்துத் தூளாகிறது.

இரண்டாம் முறை சுண்ணாம்பு. வெற்றிலைக்குப் போடுகிற டப்பாச் சுண்ணாம்பு இல்லை. சுட்ட சுண்ணாம்பை நீற்றி, குழியில் தண்ணீர் மூடி வைத்து, வெண்ணெய் போல் ஆன பிறகு எடுப்பது. ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு கழுவிய மணல். பனங்கட்டித் தண்ணீர் சேர்ப்பது பழைய வழக்கம், மேசன் சேர்த்தார், நாங்கள் தடுக்கவில்லை. மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை பூச வேண்டும். வன்னிக் காற்றில் அது அவசரமாகக் காய்ந்தால் வெடிக்கும். நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு நாட்கணக்கில் ஈரமாக வைத்திருந்தோம். அந்த வேலையை மாதர் சங்கத்தினர் முறைபோட்டுச் செய்தார்கள். உப்புள்ள அடிச்சுவரில் பூச்சு இன்னும் சில வருடத்தில் உதிரும். உதிரட்டும், அது உப்பை வாங்கிக்கொண்டு உதிர்கிறது. திரும்பப் பூசலாம். கல்லைத் திரும்பச் செய்ய முடியாது.

தூணாக நிற்கும் தண்டவாளத்தில் ஏதோ எழுத்து இருக்கிறதாமே?

இருக்கிறது, தேடிப் பாருங்கள். தண்டவாளத்தைச் சூடாக்கி உருளைகளுக்கிடையே இழுக்கும்போதே அதன் இடுப்புப் பகுதியில் செய்த ஆலையின் பெயரும் ஆண்டும், ஒரு யார் நீளத்துக்கு எத்தனை இறாத்தல் என்ற நிறையும் புடைப்பு எழுத்தில் விழும். துருவை மெல்லத் தேய்த்து, கடதாசியை வைத்துப் பென்சிலால் உரசினால் எழுத்து வரும். எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு சனிக்கிழமை முழுக்க அதுதான் விளையாட்டு. கவனம், அது தண்டவாளத்தின் வயது. பாதையில் தேய்ந்த பிறகே தூணாக நட்டிருப்பார்கள், அதனால் கட்டடத்தின் வயது அதற்குப் பிந்தியதாகவும் இருக்கலாம்.

தூண் நிலத்தைச் சந்திக்கும் இடத்தில்தான் துரு தின்னும். அங்கே சுத்தியலால் தட்டிச் சத்தம் கேளுங்கள்.

ஊரில் சில வீடுகளில் பழைய தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் இருக்கின்றன. திரும்பக் கேட்கலாமா?

சட்டப்படி அவை திணைக்களத்தின் சொத்து. அதனால்தான் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். நாங்கள் யாரிடமும் கேட்கவில்லை, யாரையும் காட்டிக்கொடுக்கவும் இல்லை. பிள்ளைகளைச் செல் வீச்சிலிருந்து காப்பாற்றிய பங்கர்க் கட்டையைப் பற்றி நியாயம் பேச எனக்கு மனமில்லை.

கூரைக்கு என்ன போட்டீர்கள்?

மிஞ்சியிருந்தது அஸ்பெஸ்டஸ் சீற். அதை உடைக்கவோ, வெட்டவோ, காய்ந்தபடி கூட்டவோ கூடாது. தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. தண்ணீர் தெளித்து, ஆணியைக் கழற்றி, முழுச் சீற்றாக இறக்கி, தடித்த பொலித்தீனில் சுற்றி வைத்தோம். "நல்ல சீற், மாட்டுக்கொட்டிலுக்குத் தாங்கோ" என்று கேட்டவர்களுக்குக் கொடுக்கவில்லை. கோபித்துக்கொண்டார்கள்.

கூரைச் சட்டத்துக்குப் பனை. வைரம் பாய்ந்த முதிர்ந்த பனையைக் கறையான் இலகுவில் தொடாது. தறிப்பதற்குப் பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும். கதவுக்கு முதிரை நினைத்தோம், விலை கேட்டு வேம்புக்கு வந்தோம். மேலே நெளிதகரம், அதன் கீழ் பனை மட்டைத் தட்டி. பழைய தாழ்வாரத்தின் நீளத்தை ஒரு அடிகூடக் குறைக்கவில்லை. குறைத்தால் தகரம் மிச்சம் என்று தச்சர் சொன்னார், ஆனால் அந்தச் சுண்ணாம்புச் சுவரைக் காப்பது அந்தத் தாழ்வாரம்தான். 2020 டிசெம்பரில் புரெவிப் புயல் முல்லைத்தீவுப் பக்கம் கரையேறியதை நினைத்து, கூரை வளைகளை இரும்புப் பட்டியால் சுவரோடு கட்டினோம்.

மேடை உயரமாயிற்றே. நடக்க முடியாதவர்கள் எப்படி ஏறுவது?

இதை மட்டும் கடைசியில் பார்க்கலாம் என்று விடாதீர்கள். போரில் கால் இழந்தவர்கள் இல்லாத ஊர் வன்னியில் எது? 2006ஆம் ஆண்டு அணுகும்வசதி ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. ஆனால் சட்டம் சொல்ல முன்னரே எங்களுக்குத் தெரியும், எங்கள் பொருளாளர் சக்கர நாற்காலியில் வருகிறவர். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. எங்கள் மேடை 1.1 மீற்றர், ஆகவே சாய்தளம் 13 மீற்றருக்கு மேல் வேண்டும், நடுவே இளைப்பாற ஒரு சமதளமும் வேண்டும். முற்றத்துப் பக்கம் மடித்துக் கட்டினோம். பிறகு பார்த்தால் நெல் மூடைத் தள்ளுவண்டியும் அதில்தான் ஏறுகிறது. படிக்கட்டில் இப்போது ஆட்கள் உட்கார்ந்து கதைப்பது மட்டும்தான்.

இப்போது அது எதற்குப் பயன்படுகிறது?

மாசி, பங்குனியில் பெரும்போக நெல். கமக்காரர் அமைப்பு அங்கே சேர்த்து, நிறுத்து, ஒன்றாக விலை பேசுகிறது. தனித்தனியே வயல் வரம்பில் நின்று லொறிக்காரர் சொன்ன விலைக்குக் கொடுத்ததைவிட இது மேல். மற்ற மாதங்களில் ஞாயிறு காலை சந்தை. மாலையில் ஒரு மூலையில் வாசிகசாலை. வெள்ளம் வந்தால் தங்குமிடம், மேடை உயரமாக இருப்பதால்.

கலியாண மண்டபமாக்கும்படி பலர் கேட்டார்கள், வருமானம் வரும் என்றார்கள். நான் எதிர்த்தேன். அதற்குச் சமையலறை, குளிரூட்டி, மறைப்புச் சுவர் எல்லாம் வேண்டும், பிறகு அது குட்செட் இல்லை. நடுவே அறை தடுப்பதையும் ஏற்கவில்லை. நீளமும் காற்றும்தான் அந்தக் கட்டடத்தின் சொத்து. மலசலகூடம் வெளியே, தனியாக.

காசு எங்கிருந்து வந்தது?

கொஞ்சம் ஊரில், கொஞ்சம் வெளிநாட்டில், மிச்சம் உழைப்பு. வெளிநாட்டு உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள்: மாபிள் தரையும் அலுமினியக் கதவும் வாங்கித் தருகிறோம் என்று அடம்பிடிக்காதீர்கள். சுண்ணாம்புக்கும் வாய்க்காலுக்கும் காசு தாருங்கள். பெயர்ப் பலகை ஒன்றே ஒன்று, எல்லாப் பெயரும் ஒரே எழுத்து அளவில் என்று தொடக்கத்திலேயே தீர்மானம் எழுதிக்கொண்டோம். ஒருவர் அதனால் காசைத் திரும்பப் பெற்றார்.

பழைய கதைகளைச் சேர்த்தீர்களா?

இன்னும் சேர்க்கிறோம். 1956இல் யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கியதைப் பார்த்தவர்கள் இப்போது எண்பதுகளில் இருக்கிறார்கள், அவசரம். மூடை சுமந்த நாட்டாமைமார், 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் வியாபாரிகளின் பிள்ளைகள், இங்கே வேலை செய்து போன சிங்கள ரயில் ஊழியர் குடும்பங்கள், எல்லாரிடமும் கேட்கிறோம். அதனால் பலகையும் மூன்று மொழியில். ரயில்வேயின் பழைய ஆண்டறிக்கைகளைக் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பார்க்கலாம்.

பக்கத்தில் ரயில் ஓடுகிறது, பிள்ளைகளுக்கு ஆபத்தில்லையா?

உண்டு. கோச்சி முன்னைப் போல ஊர்ந்து வருவதில்லை, சத்தம் கேட்கும்போது அது வந்துவிட்டது. தண்டவாளப் பக்கக் கதவுகளை நிரந்தரமாகப் பூட்டி, வேலி போட்டோம். கட்டடத்தின் பாதி அழகு அந்தப் பக்கம்தான், என்ன செய்வது.

பார்க்க வரலாமா?

வாருங்கள். மாசியில் வந்தால் நெல் மூடைக்கு மேலால்தான் பார்க்க வேண்டும். திறப்பு நிலையத்துக்கு எதிரேயுள்ள தேத்தண்ணிக் கடை அக்காவிடம் இருக்கும். அவர்தான் கூட்டிப் பெருக்குகிறவர், அதற்குச் சம்பளமும் உண்டு. செருப்போடு உள்ளே போகலாம், ஆனால் சுவரில் சாய வேண்டாம். சுண்ணாம்பு சட்டையில் ஒட்டும், அதற்கு அக்கா பொறுப்பில்லை.